பல் நிறக் கம்பியும் வாய்பொத்திச் சிரித்த பிள்ளையும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசும்படி கேட்ட செயலாளர் அக்கா, “பல்லைப் பற்றிக் கதையும், ஆனால் சனத்தைப் பயப்படுத்தாதையும்” என்று சொன்னார். அதனால் பல் பிடுங்குவதைப் பற்றி இன்று ஒரு சொல்லும் பேசப் போவதில்லை. ஹெவ்லொக் டவுனில் உள்ள என் சிகிச்சை அறைக்கு வரும் பிள்ளைகளும் தாய்மாரும் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் கேட்கும் ஒரேயொரு கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லலாம் என்று நினைக்கிறேன். “டொக்டர், வெளியில தெரியாத கம்பி இருக்கா?” என்பதுதான் அந்தக் கேள்வி.

இருக்கிறது. பல்லின் நிறத்தில் பூச்சுப் பூசிய கம்பி இருக்கிறது. அது எப்படிப்பட்டது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சொல்கிறேன். அதைப் பற்றி நானே ஒரு காலத்தில் பிழையாக நினைத்திருந்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. என்னோடு படித்தவர்களுக்கு என் முன்பற்கள் நினைவிருக்கும். எட்டாம் வகுப்பில் எனக்கு இளஞ்சிவப்பு நிறப் பிளேட் ஒன்று போட்டார்கள். கழற்றி மாட்டக்கூடியது, முன்னால் ஒரு கம்பி ஓடும். இடைவேளையில் அதைக் கழற்றி லஞ்ச் ஷீற்றில் சுற்றி வைப்பேன். ஒரு நாள் சாப்பாட்டுச் சுற்றோடு சேர்த்து அதையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். நானும் என் சிநேகிதிகள் இருவரும் பாடசாலை முடிந்த பிறகு தொட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம். அந்த இருவரும் இன்று மண்டபத்தில்தான் இருக்கிறார்கள், சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஆனால் அதை ஏன் கழற்றினேன்? சாப்பிடுவதற்காக மட்டுமல்ல. கன்ரீன் வரிசையில் நிற்கும்போது கம்பி தெரியக்கூடாது என்பதற்காக. அன்று எனக்கு இருந்த கூச்சத்தை வைத்தியரான பிறகு நான் மறந்துபோனேன். இந்த உரையின் மையம் அந்த மறதிதான்.

இனிக் கம்பிக்கு வருவோம். ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சிறு துண்டை பிறக்கற் என்கிறோம். அதன் நடுவில் ஒரு நுண்ணிய பள்ளம் இருக்கும். கம்பி அந்தப் பள்ளத்தில் படுத்திருக்கும். கோணலான பற்களுக்கு ஏற்ப வளைந்த கம்பி, தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பும்போது பல்லையும் மெதுவாகக் கூட்டிச் செல்லும். பல் போகும் பக்கத்தில் எலும்பு கரையும், விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். இது உயிருள்ள வேலை. அவசரப்படுத்த முடியாது. அதனால்தான் 18 மாதம், 2 வருடம் என்று சொல்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்துறையின் தந்தை என்று கருதப்படும் அமெரிக்கரான எட்வேர்ட் ஏங்கிளின் காலத்தில், தங்கக் கலப்புக் கம்பிகளைப் பயன்படுத்தினார்கள். பிறகு துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடம் ஒன்றில் வில்லியம் புஹ்லர் என்பவர் உருவாக்கிய நிக்கல் – டைட்டேனியம் கலப்புலோகத்தை, 1970களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் ஆண்ட்ரியாசென் பல்லுக்குக் கொண்டுவந்தார். நிட்டினோல் என்ற அதன் பெயரில் நிக்கல், டைட்டேனியம், அந்த ஆய்வுகூடம் மூன்றின் முதலெழுத்துகளும் இருக்கின்றன. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கு வரும், பல்லை மென்மையாக இழுக்கும். இன்றும் சிகிச்சையின் முதல் மாதங்களில் நாங்கள் போடுவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துக் கம்பியைத்தான்.

1980களின் நடுப்பகுதியில் பீங்கான் போன்ற பிறக்கற்கள் வந்தன. பல்லின் நிறத்துக்குக் கிட்ட வரும் அலுமினியம் ஒட்சைட்டால் ஆனவை. பிறக்கற் மறைந்ததும் கம்பி இன்னும் கூடுதலாகத் தெரியத் தொடங்கியது! வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு போட்ட மாதிரி. அந்தக் கோட்டையும் மறைக்கத்தான் பூச்சு வந்தது.

பூச்சில் முக்கியமாக மூன்று வகை. ஒன்று, உங்கள் சமையலறையில் தோசைச் சட்டியில் ஒட்டாமல் இருக்கப் பூசியிருக்கிறார்களே, அதே டெஃப்லோன். 1938இல் ரோய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். இரண்டாவது, எப்பொக்சி என்னும் பிசின். கம்பிக்கு மின்னேற்றம் கொடுத்து, பிசின் துகள்களை அதில் ஒட்டவைத்து, சூட்டில் இறுகச் செய்வார்கள். மூன்றாவது, ரோடியம் என்ற உலோகத்தின் மிக மெல்லிய படை. அது வெள்ளையல்ல, பளபளப்பைக் குறைத்து மங்கலாக்கும், அவ்வளவுதான். சில கம்பிகளுக்கு முழுச் சுற்றிலும் பூச்சு இருக்கும். சிலவற்றுக்கு உதட்டுப் பக்கம் மட்டும்.

கம்பியே உலோகமாக இல்லாமல் இருந்தால் என்ன என்றும் முயன்றார்கள். 1990களின் தொடக்கத்தில் கண்ணாடி இழையை நடுவில் வைத்து, மேலே சிலிக்கோனும் நைலோனும் சுற்றிய கம்பி ஒன்று வந்தது. பார்க்க அழகுதான், ஆனால் கூர்மையாக மடித்தால் உள்ளிருக்கும் கண்ணாடி உடைந்துவிடும். ஆகவே இன்றும் உலோகத்துக்குச் சட்டை போடுவதுதான் வழக்கில் இருக்கிறது.

சட்டை எவ்வளவு நாள் தாங்கும்? கேள்வியின் கடினமான பகுதி இதுதான். வாய் சும்மா இருக்கும் இடமல்ல. மெல்லுகிறோம், தூரிகையால் தேய்க்கிறோம், சுடச்சுடத் தேநீரும் அடுத்த நிமிடம் ஐஸ்கிறீமும் போகின்றன. பிறக்கற்றின் விளிம்பு பூச்சைச் சுரண்டுகிறது. நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்த கம்பிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், 33 நாளில் ஏறக்குறைய கால்வாசிப் பூச்சு உரிந்துபோயிருந்தது. எல்லாத் தயாரிப்புகளும் ஒரே மாதிரியல்ல, ஆனாலும் என் கதிரையில் நான் காண்பதும் அதற்குத் தூரமில்லை. உரிந்த இடம் கரடுமுரடாகும். அங்கே அழுக்குப் படியும். பிறகு வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். முழுக் கம்பியும் வெள்ளி நிறத்தில் இருப்பதைவிட அது கண்ணில் குத்தும்.

நிறமும் மாறும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லவா வேண்டும்? மஞ்சள் போட்ட பருப்புக் கறி, கிழங்குப் பால்கறி, சொதி. கம்பியைப் பிறக்கற்றோடு கட்டும் சிறு ரப்பர் வளையங்களில் தெளிவான நிறத்தை விரும்பிக் கேட்டவர்கள், ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். கறை பிடிப்பது பீங்கானில் அல்ல, ரப்பரிலும் பூச்சிலும்தான்.

இன்னொரு விடயம் கண்ணுக்குத் தெரியாதது. உயர்தரத்தில் கணிதம், பௌதிகம் படித்தவர்களுக்கு இது பிடிக்கும். பள்ளத்தின் அளவு மாறாது. ஆகவே பூச்சுக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் உலோகத்தைச் சில தயாரிப்புகளில் மெல்லியதாக்குகிறார்கள். வட்டக் கம்பி ஒன்றின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 0.016 அங்குலம் என்று எழுதியிருக்கும் கம்பிக்குள் உலோகம் 0.014 அங்குலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் குறைந்தது எட்டில் ஒரு பங்கு. விறைப்போ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். பெட்டியில் ஒரே எண் இருந்தாலும் இரண்டும் ஒரே வேலை செய்யாது. அதோடு, பல் பிடுங்கிய இடைவெளியை மூடும்போது பிறக்கற் கம்பியின் மேல் வழுக்கிப் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் உரிந்த பூச்சு முட்டுக்கட்டைதான். அதற்கு மினுக்கிய வெறும் உருக்குக் கம்பிக்கு ஈடில்லை.

இவையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. “உரியும், கறை பிடிக்கும், காசு வீண்” என்று மூன்று சொல்லில் கேள்வியை முடித்துவிடுவேன்.

சில வருடங்களுக்கு முன் 15 வயதுப் பிள்ளை ஒன்று தாயோடு வந்தது. அவர்களின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களிலிருந்து 9 மில்லிமீற்றர் முன்னால் நின்றன. கதைக்கும்போதும் சிரிக்கும்போதும் கை தானாக வாய்க்குப் போகும். பெயர் கேட்டபோதும் கைலேஞ்சிக்குள்ளால்தான் சொன்னாள்.

“டொக்டர், வெள்ளைக் கம்பி போடுவீங்களா? அடுத்த வருசம் என்ர அரங்கேற்றம்” என்று கேட்டாள்.

நான் இப்போது உங்களுக்குச் சொன்ன அத்தனையையும் அவளுக்கு ஒரு விரிவுரையாகச் சொன்னேன். நான்காம் அடுக்கு உட்பட. வெறும் கம்பிதான் சரி, பிள்ளைகள் கம்பிக்கு வெட்கப்படக்கூடாது என்றும் சொன்னேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய், “அப்ப அரங்கேற்றம் முடியட்டும் டொக்டர், பிறகு வாறம்” என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள். மழையில் நனைந்த மாடிப்படியில் வழுக்கி விழுந்திருந்தாள். மேல் முன்பல் ஒன்று பாதியாக உடைந்து நரம்பு வெளியே தெரிந்தது. உடைந்த துண்டை ஒரு சிறு கிண்ணத்தில் பாலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார் தாய். அது மிகச் சரியான காரியம். இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். துண்டை ஒட்டினோம். நரம்புக்குச் சிகிச்சை செய்தோம். அரங்கேற்றமும் நடந்தது. ஆனால் அந்தப் பல்லை வாழ்நாள் முழுவதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்னுக்குத் தள்ளிய பற்கள் அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. மேல் முன்பற்கள் 3 மில்லிமீற்றருக்கு மேல் முன்னால் நின்றால் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது எனக்கு அன்றும் தெரியும். தாய் என்னைக் குறை சொல்லவில்லை. “அண்டைக்கு அந்த வெள்ளைக் கம்பியைப் போட்டிருந்தால்…” என்று தொடங்கி, நிறுத்திவிட்டார். போட்டிருந்தால் அந்தப் பல் தப்பியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. விழுவது விழுவதுதான். ஆனால் எட்டு மாதத்தில் பற்கள் உள்ளே வரத் தொடங்கியிருக்கும். கம்பியைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பிளேட்டை லஞ்ச் ஷீற்றில் ஒளித்த எட்டாம் வகுப்பு மாணவி, வெள்ளைக் கோட் போட்டதும் தன்னையே மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. கம்பியின் வேலை பல்லை நகர்த்துவது. பூச்சு பல்லை நகர்த்தாது. ஆனால் கூச்சப்படும் பிள்ளையை உரிய காலத்தில் கதிரையில் வந்து இருக்கச் செய்யும் என்றால், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அதற்காக ஒரு மாதத்தில் உரிந்துபோகும் சட்டைக்குச் செலவழிப்பது வீண் அல்ல, உரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால்.

இப்போது நான் செய்வது இதுதான். பற்களை வரிசைக்குக் கொண்டுவரும் முதல் மாதங்களில், கேட்கும் பிள்ளைக்குப் பூச்சுக் கம்பி போடுகிறேன். உரிந்தால் மாற்றுகிறேன். இடைவெளி மூடும் காலத்தில் வெறும் உருக்குக் கம்பிதான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கலியாணமோ அரங்கேற்றமோ வந்தால், ஒரு கிழமைக்குப் பூச்சுக் கம்பியை மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பவும் பழையதைப் போடலாம். அந்தப் பிள்ளைக்கும் கடைசியில் அப்படித்தான் செய்தோம்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கம்பி உயர்ந்த சிகிச்சை, வெள்ளிக் கம்பி இல்லாதவர்களின் சிகிச்சை என்று ஒரு பேச்சு கொழும்பில் இருக்கிறது. முழுப் பிழை. வார்ட் பிளேசில் உள்ள தேசியப் பல் வைத்தியசாலையிலும் ஏனைய அரச வைத்தியசாலைகளிலும் விசேட நிபுணர்கள் இலவசமாகக் கம்பி போடுகிறார்கள். காத்திருக்க வேண்டும், தேவை கூடியவர்களுக்கு முன்னுரிமை. ஆனால் அங்கே போடும் வெறும் கம்பி, வேலையைப் பொறுத்தவரை பூச்சுக் கம்பிக்கு ஒரு படியும் குறைந்ததல்ல, பல இடங்களில் மேலானது. எங்கள் கம்பிகள் இறக்குமதிப் பொருட்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியபோது, பூச்சுக் கம்பியைக் கைவிட்டு வெறும் கம்பிக்கு மாறிய பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள். அவர்களின் பற்கள் அதனால் கோணலாகவில்லை. வெறும் கம்பியோடு இந்த மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வாயில் இருப்பது குறைந்த பொருள் அல்ல.

நிக்கல் ஒவ்வாமை பற்றியும் ஒரு சொல். எங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே காது குத்துகிறோம். மலிவான தோடு போட்டால் காது புண்ணாகிச் சொறியும் பிள்ளைகள் உண்டு. அது பெரும்பாலும் நிக்கல் சேராததால் வருவது. நிட்டினோல் கம்பியின் நிறையில் பாதிக்கு மேல் நிக்கல். காதில் சேராதவர்கள் பலருக்கு வாயில் ஒன்றும் செய்வதில்லை, ஆனாலும் முதல் நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள். பூச்சு இருக்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம், அது உரியும். நிக்கல் இல்லாத டைட்டேனியக் கலப்புக் கம்பிகள் வேறாக இருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது, “இஞ்ச மலிவு, போட்டுக்கொண்டு போவம்” என்று பிள்ளையைக் கூட்டிவருகிறீர்கள். கம்பி போடுவது ஒரு நாள் வேலை, பார்ப்பது 2 வருட வேலை. நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ தொடர்ந்து பார்க்க ஒரு வைத்தியர் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குங்கள். கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் தெளிவான பிளாஸ்ரிக் உறைகள் 1990களின் கடைசியிலிருந்து இருக்கின்றன. சில பிள்ளைகளுக்கு அவை நன்றாகப் பொருந்தும். ஆனால் நாளொன்றுக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் போட வேண்டும். லஞ்ச் ஷீற்றில் சுற்றி எறியாத பிள்ளைக்கு மட்டும்தான் அவை!

தாய்மாரே, பூச்சுக் கம்பி என்று யாராவது சொன்னால் நாலு கேள்வி கேளுங்கள். முழுச் சுற்றிலும் பூச்சா, முன்பக்கம் மட்டுமா? எத்தனை கிழமை தாங்கும்? உரிந்தால் மாற்றுவதற்கு வேறாகக் காசா? எந்தக் கட்டத்தில் வெறும் கம்பிக்கு மாறுவோம்? இந்த நாலுக்கும் நேராக மறுமொழி சொல்லும் வைத்தியரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். “கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும்” என்று சொல்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கலியாண வீட்டில் கம்பி போட்ட பிள்ளையைக் கண்டால், “ஐயோ, எப்ப பிள்ளை கழட்டுவினம்?” என்று கேட்காதீர்கள். அன்போடுதான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தக் கேள்விதான் பிள்ளையின் கையை வாய்க்குக் கொண்டுபோகிறது. நீங்கள் அதைக் கேட்காமல் விட்டால் பூச்சுக் கம்பியின் தேவையில் பாதி குறையும். அது எனக்கு வருமான நட்டம்தான், பரவாயில்லை.

அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன மாதம் இரவு போடும் பிளேட் உடைந்துவிட்டது என்று வந்தாள். எப்படி உடைந்தது என்று கேட்டேன். கைலேஞ்சியில் சுற்றி வைத்து, அதன் மேலேயே இருந்துவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை மடியில்தான் இருந்தது.

நூறு ஆண்டு காலம் பிள்ளைகளைத் தலைநிமிர்ந்து பேசப் பழக்கிய சங்கம் இது. அடுத்த நூறு ஆண்டிலும் எங்கள் பிள்ளைகள் வாய்பொத்தாமல் சிரிக்கட்டும்.